நாற்பதாம் கேள்விக்கான தூண்கள்

கையை முன்னால் நீட்டி ஒரு வாளித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் தோளின் மேற்புறம் விண்ணென்று இழுக்கும். கீழ்ப்புறம் இழுக்காது. இதைத் தெரிந்துகொள்ள யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. தெரிந்ததை மறப்பதற்குத்தான் பயிற்சி மையத்துக்குப் போக வேண்டும். அதற்கு நுழைவுத் தேர்வு வேறு உண்டு.

ரசமட்டம் அப்படி ஒரு மையத்துக்கு மூன்றாவது முறையாகப் போய்க்கொண்டிருந்தார். கட்டடத் துறையில் ஒப்பந்தப் பொறியாளர். சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் எழுந்துபோய் நேராக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. வாரியம் நடத்தும் கட்டமைப்புப் பொறியியல் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரமாகும். தேறாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு.

அவர் தேறாமல் போனதற்குக் காரணம் நாற்பதாம் கேள்வி.

கேள்வி ரொம்ப எளிது. பால்கனி என்பது ஒரு பக்கம் சுவரில் புதைந்து, மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிற பலகை. கான்கிரீட் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் விரிந்துவிடும். ஆகவே இழுபடும் பக்கத்தில் இரும்புக் கம்பி போட வேண்டும். பால்கனியில் கம்பி மேலே வருமா, கீழே வருமா? கணக்குப் போட்டுக் காட்டுக.

வாளி தூக்கிய எவரும் மேலே என்பார்கள். வாரியத்தின் விடைக்குறிப்பு கீழே என்றது.

எப்போதோ ஒரு வருடம் அச்சில் நேர்ந்த பிழை அது. அப்போதே சிலர் ஆட்சேபித்தார்கள். வாரியம் ஒரு குழு போட்டது. குழு ஆராய்ந்து பார்த்ததில், அந்த ஒரு கேள்வியால் தேறியவர்கள் எல்லாரும் ஏற்கனவே பதவியேற்று நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது என்பது தெரியவந்தது. விடையை மாற்றினால் அவர்கள் எழுந்திருக்க வேண்டும். குழுவின் தலைவரும் எழுந்திருக்க வேண்டும். ஆகவே குழு, 'கேள்வி சரி, விடையும் சரி, ஆட்சேபித்தவர்களின் அணுகுமுறை சரியில்லை' என்று அறிக்கை கொடுத்தது. தடுமாற்றம் இல்லை என்று காட்டுவதற்காக அதே கேள்வியை அதே இடத்தில் ஆண்டுதோறும் கேட்பதென்றும் முடிவானது.

பயிற்சி மையத்தின் ஆசிரியரை எல்லாரும் நூற்றுக்குநூறு என்றுதான் சொல்வார்கள். அவர் வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையின் அடிப்பகுதியில் விடையை எழுதிவிடுவார். பிறகு மேலே காலியாக இருக்கும் இடத்தைக் காட்டி, "இப்ப இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்பார்.

"சார், எப்படிப் போட்டாலும் கழித்தல் குறி வருது. அப்படின்னா கம்பி மேலேன்னுதானே அர்த்தம்?" என்றார் ரசமட்டம்.

"வருதா? வந்தா வரட்டும். அதை எந்தப் பக்கத்துல வர விடறீங்கங்கிறதுதான் திறமை. கணக்கோட மூணாவது வரி அந்தப் பக்கத்தோட கடைசி வரியா இருக்கணும். கழித்தல் குறி அங்கே வந்து நிக்கும். அடுத்த பக்கத்தைத் திருப்புங்க. திருப்புறப்போ அது அந்தப் பக்கத்துலயே தங்கிடும்."

"திருத்துறவருக்குத் தெரியாதா சார்?"

"அவரும் அப்படித்தான்யா பாஸ் பண்ணினாரு. உன் பக்கத் திருப்பலைப் பார்த்தா அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துடும்."

வகுப்பு முழுவதும் பக்கம் திருப்பிப் பழகியது. சரசரவென்று ஒரே நேரத்தில் எல்லாத் தாள்களும் புரளும்போது, அந்த அறையில் எத்தனை கழித்தல் குறிகள் அநாதையாகின்றன என்று ரசமட்டம் எண்ணத் தொடங்கிவிடுவார். அவர் திருப்பினால் மட்டும் குறி எப்படியோ கூடவே வந்துவிடும். கை தானாக எழுதிவிடும்.

பக்கத்து இருக்கையில் இருந்தவன் மாப்பிள்ளை. அவனும் ஒப்பந்தப் பொறியாளன்தான். நிச்சயம் பண்ணிய பெண்ணின் வீட்டில், வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லி வருடங்கள் ஆகிவிட்டதால் கல்யாணம் ஆகாமலேயே மாப்பிள்ளை என்பது அவன் பெயராக நிலைத்துவிட்டது. ராப்பகலாகப் படிப்பான். சாலையில் நடக்கும்போதும் "கீழே, கீழே" என்று உதடு அசையும். எதிரே வருபவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.

"அண்ணே, நீங்க ஏன் யோசிக்கிறீங்க? யோசிச்சா கழுதை, அந்தக் குறி வந்துடுது. யோசிக்காம எழுதுங்க" என்றான் ஒரு நாள்.

வீட்டில் ரசமட்டத்தின் மனைவியும் அதையேதான் வேறு மாதிரி சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"டாக்டர் சீட்டுல தப்பா எழுதிட்டா நான் போய்ச் சண்டையா போடறேன்? சரியானதைக் கொடுத்துட்டுப் போறேன். தாளுக்கு ஒரு விடை, நோயாளிக்கு ஒரு விடை. தாள்ல 'கீழே'ன்னு எழுதுங்க. கட்டடத்துல மேலே போடுங்க. இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

உண்மையில் கட்டடங்களில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நாற்பதாம் கேள்வியால் தேறியவர்கள் வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்ததால், வருகிற பால்கனி வரைபடம் எல்லாவற்றிலும் கம்பி கீழே இருக்கும். கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பியைப் பார்வையிட ஒரு மேலதிகாரி வருவார். வந்ததும் கம்பியைப் பார்க்க மாட்டார். அண்ணாந்து வானத்தைப் பார்த்து, "மழை வருமோ?" என்பார். அவர் வானத்தைப் பார்க்கிற அந்த நேரத்துக்குள் ஆட்கள் கம்பியைத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். "வராது சார்" என்று ரசமட்டம் சொல்வார். அதிகாரி தலையைக் கீழே இறக்கி, வரைபடத்தின்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவார். கொட்டுகிற மழையிலும் அவர் "மழை வருமோ?" என்று கேட்டதுண்டு. ரசமட்டமும் குடைக்குள் நின்றபடி "வராது சார்" என்றதுண்டு. நூலகக் கட்டடத்தின் மாடியில் அவர் கட்டிய பால்கனி அப்படித்தான் பிறந்தது.

அந்த வருடம் தேர்வன்று மனைவி சொன்னதை நினைத்துக்கொண்டு அவர் பக்கத்தைத் திருப்பினார். குறி வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சுவரில் சாய்ந்த படத்தைக்கூட நேராக்கவில்லை. எழுத்துத் தேர்வில் அவரும் மாப்பிள்ளையும் தேறிவிட்டார்கள்.

பிறகு நேர்முகத் தேர்வு. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் வாரியத் தலைவர், மூத்த உறுப்பினர். தலைவருக்கு இடப்புறம் சுவரில் ஒரு படம் சாய்ந்து தொங்கியது. ரசமட்டத்தின் கண் அதிலேயே போய் நின்றது.

"நூலகம் நீங்க கட்டினதுதானே? பால்கனியில கம்பி எங்கே?" என்றார் தலைவர்.

"கீழே சார்."

"வரைபடத்தின்படியா?"

"வரைபடத்தின்படி சார்."

"சென்ட்ரிங் பிரிச்சாச்சா?"

கான்கிரீட் இறுகும்வரை அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும் மரங்களையும் பலகைகளையும்தான் சென்ட்ரிங் என்பார்கள். "பிரிச்சு ஒரு மழைக்காலமே போயிடுச்சு சார்."

தலைவர் உறுப்பினரைப் பார்த்தார். உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிக்குதா?"

"நிக்குது சார்."

"விரிசல்?"

"மயிரிழை கூட இல்லை சார்."

தாங்கள் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த பொய் உண்மையாகிவிட்டதோ என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது போலிருந்தது. தலைவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தம்பி, இவ்வளவு தைரியமா ஒருத்தரும் எங்க விடையை நம்பினதில்லை. நாங்களே..." என்று ஆரம்பித்தவர், உறுப்பினர் இருமியதும் நிறுத்திக்கொண்டார்.

ரசமட்டம் எழுந்து, போகிற போக்கில் சுவர்ப் படத்தை நேராக்கிவிட்டு வந்தார். அதற்கும் மதிப்பெண் போட்டார்கள்.

அடுத்த மாதம் நூலக மாடியில் விழா ஏற்பாடானது. நியமன உத்தரவு அங்கேயே தரப்படும். நாற்பதாம் கேள்வியின் உண்மையை நிரூபித்த பால்கனி என்று ஒரு கல்வெட்டும் பதிக்கப்படும். ரசமட்டத்தின் மனைவி ஆஸ்பத்திரியில் வேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை, நிச்சயமான பெண்ணின் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கும் அன்றைக்குத்தான் உத்தரவு.

நாற்காலிகளைக் காலையிலேயே பால்கனியில் போட்டிருந்தார்கள். தலைவர் வந்து வாசற்படியில் நின்று பார்த்தார்.

"வெயிலா இருக்கே" என்றார். வானம் மூடிக்கிடந்தது. நாற்காலிகள் உள்ளே வந்தன.

விழா கூடத்துக்குள் நடந்தது. பால்கனியை நோக்கித் திறந்திருந்த கதவுக்கு இப்பால், நிலைப்படிக்கு ஒரு சாண் முன்னதாகவே நின்று தலைவர் பேசினார்.

"என்ன உறுதி! என்ன கம்பீரம்! இங்கிருந்து பார்க்கும்போதே அதன் பலம் தெரிகிறது. அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது அவநம்பிக்கை. நம் வாரியம் அவநம்பிக்கையை என்றுமே ஊக்குவித்ததில்லை. இயற்கைக்கென்று சில பழக்கங்கள் இருக்கலாம். ஆனால் மதிப்பெண் வழங்கும் அதிகாரம் இயற்கையிடம் இல்லை!"

கைதட்டல் ஓய்ந்ததும், "இதைக் கட்டியவர் அதன்மேலேயே நின்று உத்தரவைப் பெற்றுக்கொள்வதுதான் பொருத்தம்" என்று அறிவித்தார் மூத்த உறுப்பினர்.

ரசமட்டம் சாதாரணமாக நடந்து பால்கனிக்குப் போய் நின்றார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவருக்குப் பயமில்லை. காலடியில் கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் அவருக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். கல்வெட்டின் மேல் உத்தரவை வைத்துத் தூக்கிக்கொண்டு, நிலைப்படி தாண்டாமல், கையை மட்டும் வெளியே நீட்டினார் தலைவர். கல் கனம். வாங்குவதற்குள் நீட்டிய கை நடுங்கியது. கொடுத்துவிட்டுத் தலைவர் உள்ளே திரும்பித் தோளைத் தடவிக்கொண்டார். மேற்புறத்தை.

பிறகு மூத்த உறுப்பினர் இன்னொரு அறிவிப்பை வாசித்தார். ஆஸ்பத்திரி முன்வாசலின் மேல் கட்டிய பெரிய பால்கனிக்கு இதுவரை சென்ட்ரிங் பிரிக்க யாரும் உத்தரவிடவில்லை. நூலகத்தின் வெற்றி தந்த நம்பிக்கையில், அடுத்த வாரம் அது பிரிக்கப்படும்.

அது மாப்பிள்ளை கட்டியது. ரசமட்டம் உள்ளே வந்து அவன் காதோரம் குனிந்தார்.

"நீ மேலேதானே போட்டிருக்கே?"

"கீழேண்ணே. படத்துல இருக்கிறபடி."

"டேய், விளையாடாதே. ஆபீசர் வந்து வானத்தைப் பார்த்தாரா இல்லையா?"

"பார்த்தாரே. மழை வருமோன்னு கேட்டாரு. நானும் பார்த்தேன். வர்ற மாதிரி தெரியலை. வராது சார்னு சொன்னேன்." மாப்பிள்ளையின் முகத்தில் கள்ளமில்லை. "ஏண்ணே? கீழேதானே போடணும்?"

படித்துப் படித்து அவன் நம்பிவிட்டிருந்தான். அந்த ஊழியர் கூட்டத்திலேயே விடைக்குறிப்பை நிஜமாக நம்பியவன் அவன் ஒருவன்தான்.

ரசமட்டம் கூடத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் காலையில் அந்த முன்வாசல் வழியாகத்தான் போவாள். சாயங்காலம் அதே வழியாக வருவாள். நடுவில் ஊரே போய்வரும். கையிலிருந்த உத்தரவைப் பார்த்தார். தன் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். அதில் ஒரு எழுத்துப் பிழையாவது இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சார்" என்றார். தலைவர் கவனிக்கவில்லை. மறுபடி, "சார், ஒரு விஷயம். நான் பொய் சொல்லிட்டேன். இந்த பால்கனியில கம்பி மேலே இருக்கு. அதனாலதான் நிக்குது. ஆஸ்பத்திரியில கீழே போட்டிருக்கு. அதைப் பிரிக்காதீங்க சார்."

தலைவர் மெதுவாக எழுந்தார். நிலைப்படி வரை வந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். அடுத்த காலையும் வைத்தார்.

"நிஜமாவே மேலேயா?"

"சத்தியமா சார்."

"அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றவர், உள்ளே திரும்பி, "நாற்காலியெல்லாம் வெளியில போடுங்கப்பா. காத்து எப்படி வருது பாருங்க!" என்றார்.

வாரியம் முழுவதும் பால்கனிக்கு வந்துவிட்டது. உறுப்பினர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். டீ வந்தது. எத்தனையோ நாள் கழித்து நிம்மதியாக ஓர் இடத்தில் உட்கார்ந்தவர்களைப் போல எல்லாரும் உறிஞ்சிக் குடித்தார்கள். அங்கே உட்கார்ந்தபடியே, வாரியத்திடம் பொய் சொன்ன குற்றத்துக்காக ரசமட்டத்தின் நியமனத்தை ரத்து செய்தார்கள். தேர்வெழுத நிரந்தரத் தடையும் போட்டார்கள். அதில் கையெழுத்துப் போட மேசை இல்லாததால், கல்வெட்டையே மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் தாளை வைத்துப் போட்டார் தலைவர்.

"என்னை விடுங்க சார். ஆஸ்பத்திரி?"

"தம்பி, என் வீட்டு பால்கனியிலயும் கம்பி மேலேதான். எனக்குத் தெரியாதா? ஆனா விடை தப்புன்னு எழுதினா, எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் தெரியுமா? உத்தரவு போட்டது போட்டதுதான்." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ஆமா, உங்க வீட்டம்மா அங்கேதானே நர்ஸ்? என் மாமியாரை வாராவாரம் அங்கே கூட்டிட்டுப் போறோம். பின்வாசல்னு ஒண்ணு இருக்கா?"

ரசமட்டமும் மனைவியும் படியிறங்கும்போது மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் கையில் அவனுடைய உத்தரவு இருந்தது. அதை யாரும் ரத்து செய்யவில்லை. அவன்தான் விடைக்குறிப்பின்படி கட்டியவன் ஆயிற்றே.

"அண்ணே, நான் என்ன பண்ணிட்டேன்? எனக்கு நிஜமாவே... வாளி, தோள், இதெல்லாம் எனக்கும் ஒரு காலத்துல தெரியும்ணே." தெருவோரம் உட்கார்ந்து விசும்பினான். "உத்தரவைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிச்சா சென்ட்ரிங் தானா நிக்குமா? உன் எடத்துக்கு வர்றவன் பிரிப்பான்" என்றார் ரசமட்டம். திட்டத்தான் நினைத்தார். அவன் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்ததைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"அழுது முடிச்சிட்டீங்கன்னா நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள் மனைவி. "இப்ப அடியில மரம் தாங்குது. மரத்தை எடுக்கச் சொல்லியிருக்காங்க. வேற எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"இல்லை."

"முன்வாசல்ல அறிவிப்புப் பலகை மாட்ட இடமில்லைன்னு எங்க சூப்பரின்டெண்டென்ட் ரொம்ப நாளா புலம்பிட்டிருக்கார். பலகையை மாட்ட ஒரு தூண் வேணும். கனமான பலகை. அதனால தூணும் கொஞ்சம் தடியா இருக்கணும்."

ரசமட்டம் நின்றுவிட்டார். அந்தரத்து முனைக்கு அடியில் தூண் வரிசை கொடுத்தால் அது பால்கனியே இல்லை. இரண்டு பக்கமும் தாங்கப்பட்ட தளம். நடுவில் தொய்யும். தொய்ந்தால் அடிப்புறம்தான் இழுபடும். கம்பி கீழே இருப்பது சரியாகிவிடும். வாரியத்தின் விடை நிற்கும், அடியில் யாராவது தூண் கொடுத்துக்கொண்டே இருந்தால்.

அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் செங்கல் தூண்கள் எழுந்தன. மாப்பிள்ளை தானே செங்கல் சுமந்தான். ஒவ்வொரு தூணும் தளத்தின் அடியைத் தொட்டு இறுகும்வரை ரசமட்டம் மட்டக்கருவியைக் கீழே வைக்கவில்லை. தூண்களின் மேல் 'கைகளைக் கழுவவும்', 'அமைதி காக்கவும்', 'வரிசையில் நிற்கவும்' என்று பலகைகள் ஏறின. குறித்த நாளில் சென்ட்ரிங்கைப் பிரித்தார்கள். தளத்துக்குள் எங்கோ லேசாக ஒரு முனகல் கேட்டது. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

வாரியம் வெற்றி அறிக்கை வெளியிட்டது. ஆஸ்பத்திரி பால்கனியின் வரைபடம் முன்மாதிரி ஆக்கப்பட்டது. வரைபடத்தில் தூண்கள் இல்லை. அவை அறிவிப்புப் பலகைக் கணக்கில் வந்தவை. அதே வரைபடத்தின்படி அஞ்சலகத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, பதிவு அலுவலகத்துக்கு ஒன்று என்று பால்கனிகள் எழும்பத் தொடங்கின. இப்போது அதிகாரிகளும் வானத்தைப் பார்ப்பதில்லை. நிரூபணம் ஆகிவிட்டதால் கம்பியையே பார்க்கிறார்கள். ஆட்களால் தூக்கி வைக்க முடியவில்லை.

மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நிலைகொள்ளாத மனதோடு, எந்தக் கட்டடத்துக்கு எப்போது சென்ட்ரிங் பிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, முன்கூட்டியே ரசமட்டத்துக்கு போன் பண்ணுவது மட்டும்தான் அவன் உருப்படியாகச் செய்யும் வேலை. ரசமட்டம் இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். 'அறிவிப்புப் பலகைப் பணி' என்று புதிதாக ஒரு பிரிவில் அவரைப் போட்டிருக்கிறார்கள். ஊரில் பால்கனி உள்ள இடத்திலெல்லாம் தூண், தூண் உள்ள இடத்திலெல்லாம் பலகை. எச்சில் துப்பாதீர், புகைக்காதீர், சைக்கிள் நிறுத்தாதீர் என்று மக்களைத் தடுக்கக்கூடிய எல்லாவற்றிலிருந்தும் தடுத்தாயிற்று.

நேற்றும் போன் வந்தது.

"அண்ணே, பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கிழமை பிரிக்கிறாங்க. ஆறு தூண் வேணும்."

"ஆறு பத்தாது. பசங்க ஓடுவாங்க. எட்டு வை."

"எட்டுக்கும் பலகையில என்னண்ணே எழுத? எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

ரசமட்டம் யோசித்தார். பக்கத்தில் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டும்போது சமாளிக்கச் சுவரில் கையை ஊன்றியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலிலும் தினமும் அப்படித்தான், உள்ளே நுழையும்போது முதல் தூணை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாள் என்பது அவருக்குத் தெரியும்.

"ஒண்ணும் எழுத வேணாம்டா. பலகையைச் சும்மா மாட்டு" என்றார். "தூண் நேரா இருக்கான்னு மட்டும் பாரு. இல்லை, நீ பார்க்காதே, நானே வர்றேன்."